ஆறு வயதுப் பிள்ளையோடு கூடாரம் போட எந்தக் காடு?

கொழும்பில் வளரும் பிள்ளைகளை ஒரு இரவாவது காட்டில் தங்க வைக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். தொடர்மாடி, பள்ளிக்கூட வான், டியூஷன், மறுபடி தொடர்மாடி என்று போகிற பிள்ளைக்கு மண்ணில் படுத்து எழும்பும் ஒரு இரவு தரும் சந்தோஷம் பெரியது. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்தால் வான் செலவும் பிரியும், பிள்ளைகளுக்குத் துணையும் கிடைக்கும். உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கும். அப்புறம் கதை முழுக்க ஒரே இடத்தில் சுற்றும்: எங்கே போவது? ஒருவர் ஹோட்டன் சமவெளி என்பார். இளம் ஆட்கள் நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருக்கும் மீமுரே கிராமம் என்பார்கள். பறவை பார்க்கிற அண்ணா ஒருவர் சிங்கராஜா மழைக்காட்டை விடமாட்டார்.

எல்லாரும் அழகை வைத்தே வாதாடுவார்கள். இந்த இடங்கள் எல்லாமே அழகுதான், அதை வைத்து முடிவுக்கு வர ஏலாது. குடும்பங்களாகப் போகும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பிள்ளை "இனி ஏலாது" என்று வழியில் உட்கார்ந்துவிட்டால், அல்லது இரவில் காய்ச்சல் வந்தால், அந்தக் குடும்பம் மட்டும் பிரிந்து திரும்பி வர முடியுமா? மற்றவர்கள் பயணத்தைத் தொடர முடியுமா? இரண்டுக்கும் "ஓம்" என்று பதில் வருகிற இடம்தான் முதல் பயணத்துக்கு ஏற்ற இடம். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இலங்கையில் நினைத்த காட்டில் நினைத்தபடி கூடாரம் போட முடியாது. ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா என்பதால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. நக்கிள்ஸும் சிங்கராஜாவும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கீழே வருகின்றன. இரண்டின் தலைமை அலுவலகமும் பத்தரமுல்லையில் இருப்பது கொழும்பில் இருக்கிற நமக்கு வசதி. அனுமதியும் பற்றுச்சீட்டும் கையில் வந்த பிறகுதான் வானுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்வதில் பாதி வேலையைக் கலண்டரே செய்துவிடும். பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகிறது. ஏப்ரலில் மலைநாட்டில் பின்னேரமானால் இடியும் மின்னலும் இருக்கும்; புத்தாண்டுக் கூட்டத்தில் வழியெல்லாம் நெரிசல். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் நேராக வந்து மோதும். ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று ஹோட்டன் சமவெளியிலும் சிங்கராஜாவிலும் மழையோடு நிற்க, நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம் காய்ந்து, காற்று மட்டும் பலமாக வீசும். ஹோட்டனுக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது நீண்ட விடுமுறை கிடையாது, தைப்பொங்கலையோ போயா தினத்தையோ ஒட்டி வருகிற வார இறுதிதான் கிடைக்கும். ஆகஸ்டில் இன்னொரு கணக்கும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற குடும்பங்கள் குழுவில் இருந்தால், கொடியேற்றத்துக்கும் தேருக்கும் இடையில் அவர்களைப் பிடிக்க முடியாது. அதை முதலே கேட்டுவிடுங்கள்.

சரி, ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே விரிந்து கிடக்கும் புல்வெளியும் முகில் காடும் சேர்ந்த இடம். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடு ஆகியவற்றோடு சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் வட்டம்: சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புகள், பேக்கர் நீர்வீழ்ச்சி, திரும்பவும் தொடங்கிய இடம். பெரிய ஏற்றம் இல்லை. பெரியவர்கள் மூன்று நான்கு மணித்தியாலத்தில் முடிப்பார்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் இருந்தால் ஐந்தாறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு உலக முடிவை மூடுபனி மூடிவிடும். பூங்காவுக்குள் இரவு தங்கினால் விடியப்புறம் வரிசையில் நிற்காமல் முதலில் போய்ச் சேரலாம். அங்கே கூடாரம் போடுவதில் உள்ள பெரிய லாபம் இதுதான்.

நுழைவாயிலில் நடப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நடைபாதை தொடங்கும் ஃபார் இன் பக்கம் ஊழியர்கள் பைகளைத் திறந்து பொலித்தீனை எல்லாம் வெளியே எடுப்பார்கள். பிஸ்கட் உறையைப் பிரித்து, பிஸ்கட்டைக் கடதாசியில் சுற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். மரைகள் பொலித்தீனைத் தின்று சாகின்றன என்று அந்த இடத்திலேயே சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாவிலும் துணிப்பையிலும் போட்டுக்கொண்டு போனால் வாயிலில் நேரம் மிச்சம்.

பிரச்சினை இரவில்தான். ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லின் மேல் உறைபனி படியும். பகல் வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆறு மணிக்குச் சூரியன் இறங்கியதும் குளிர் நிலத்திலிருந்து ஏறி வரும். கொழும்புப் பிள்ளை மின்விசிறி இல்லாமல் ஒரு இரவு படுத்ததே இல்லை. அந்த உடம்புக்கு ஐந்து பாகை செல்சியஸ் என்பது விளையாட்டில்லை. ஸ்லீப்பிங் பேக்கைவிட அதற்குக் கீழே விரிக்கும் தடித்த பாய் முக்கியம். மேலே இரண்டு கம்பளி போர்த்திக் கீழே ஒன்றும் இல்லாமல் படுத்தால் விடியவிடிய நடுக்கம்தான். கம்பளித் தொப்பி, உலர்ந்த சொக்ஸ், படுக்கும்போது போடவென்று நனையாமல் வைத்த ஒரு சோடி உடுப்பு, இவ்வளவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும். இவ்வளவையும் யாரோ சுமக்கவும் வேண்டும்.

என் கேள்விக்கு ஹோட்டன் என்ன சொல்கிறது? வாகனம் பூங்காவுக்குள் வரும். ஒரு பிள்ளைக்கு ஏலாமல் போனால் காட்டு வழியில் மணிக்கணக்காகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. ஆனால் வாயில் மாலையில் மூடினால் காலையில்தான் திறக்கும், நுவரெலியா ஆஸ்பத்திரிக்கும் இருட்டில் மலைப் பாதையில்தான் போக வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் இருக்கிற, ஏற்கெனவே ஒரு முறை வேறெங்காவது கூடாரத்தில் தூங்கிப் பழகிய குழுவுக்கு நான் இதைத் துணிந்து சொல்வேன். முதல் இரவே இங்கே என்றால் வேண்டாம். குழுவில் சின்னப் பிள்ளைகள் இருந்தும் ஹோட்டன்தான் வேண்டுமென்றால், பட்டிப்பொல அல்லது ஒஹிய பக்கம் ஒரு வீட்டில் தங்கி, விடியப்புறம் பூங்காவுக்குப் போய் வாருங்கள். தோட்டத்து ஆட்கள் தமிழில் கதைப்பார்கள், சுடச்சுட ரொட்டியும் தேத்தண்ணியும் கிடைக்கும், அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

நக்கிள்ஸ் என்று ஒரே பெயரைச் சொன்னாலும் நமக்கு அது இரண்டு வேறு இடங்கள். ஒன்று கண்டி, ஹுன்னஸ்கிரிய, லூல்வத்த வழியாக இறங்கும் மீமுரே. மற்றது மாத்தளை, றத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாகப் போகும் இலுக்கும்புர. படங்களைப் பார்த்து முடிவு செய்பவர்கள் மீமுரேயைத்தான் தெரிவு செய்வார்கள், அதில் பிழையில்லை. கோபெட்ஸ் கெப்பைத் தாண்டி இறங்கும்போது லக்கேகல சிகரம் எதிரே எழும்பி நிற்பதைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஹீன் கங்கைக் கரையில் கூடாரம் போடலாம். கிராமத்து வீடுகளில் சமைத்தும் தருவார்கள்.

ஆனால் அந்தப் பாதை ஒடுக்கம், கரடுமுரடு, வளைவுகள் நிறைந்தது. வயிற்றைப் பிரட்டி வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அது சித்திரவதை. கொழும்பிலிருந்து வருகிற கே.டி.எச் வான் சாரதிகளில் பாதிப் பேர் ஹுன்னஸ்கிரியவிலேயே நின்றுவிடுவார்கள். அங்கிருந்து உள்ளூர் வாகனம் பேச வேண்டும். போன் சிக்னலை நம்ப முடியாது. இரவில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது வந்தால் அதே பாதையால் அத்தனை வளைவையும் ஏறித்தான் வெளியே வரவேண்டும். ஒரு குடும்பம் பிரிந்து போனால் வாகனமும் அதோடு போய்விடும், மற்றவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இரவுக்குப் போனால் மீமுரே அருமையான இடம். முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

இலுக்கும்புர அப்படியில்லை. அதன் பலமே அந்தப் பக்கத்தின் தெரு நன்றாக இருப்பதும், நடக்கிற இடங்கள் எல்லாம் அந்தத் தெருவை ஒட்டியே இருப்பதும்தான். கொழும்பிலிருந்து அதிகாலையில் கிளம்பினால் மாத்தளையில் காலைச் சாப்பாடு, முத்துமாரியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, றத்தோட்டையில் மரக்கறி வாங்குதல், மத்தியானத்துக்குள் ரிவர்ஸ்டன். இலுக்கும்புரவில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. தங்குமிடம், கூடாரம் போட அனுமதிக்கும் இடம் எல்லாம் அவர்களிடமே கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

அங்கே பிட்டவல பத்தன என்று ஒரு புல்வெளி. மெல்லிய மண்ணும் சிறு கற்களும், அதில் முழங்காலுக்குக் கீழே வளரும் புல்லும். ஒரு கிலோமீற்றர் போல நடந்தால் நிலம் சட்டென்று முடிந்து, கீழே பள்ளத்தாக்கும் எதிரே மலை அடுக்குகளும் தெரியும். ஆறு வயதுப் பிள்ளை தன் பையைத் தானே சுமந்துகொண்டு போய்ச் சேரக்கூடிய தூரம் இது. "நான்தான் தூக்கினேன்" என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது முகத்தைப் பாருங்கள், எங்களுக்கு வேண்டியது அதுதான். சேர எல்ல நீர்வீழ்ச்சிக்குப் படி இறங்கிப் போனால், விழும் தண்ணீருக்குப் பின்னால் இருக்கும் பாறைக் குகைக்குள் நின்று பார்க்கலாம். கால் பலமுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் இரண்டு அப்பாமாருக்கும் மானிகல ஏற்றம் இருக்கிறது, அதற்கு உள்ளூர் வழிகாட்டியோடு முழு நாள் வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் தெல்கமு ஓயாவின் ஆழமில்லாத இடத்தில் கால் நனைத்துக்கொண்டிருக்கலாம். இரவில் ஏதாவது நடந்தாலும் நல்ல தெருவால் றத்தோட்டைக்கும் மாத்தளைக்கும் இறங்கலாம். பிரிந்து சேரலாம், திரும்பிப் போகலாம், யாருடைய பயணமும் கெடாது. ஆகஸ்டில் காலநிலையும் ஒத்துவரும். காற்று மட்டும் கடுமையாக இருக்கும் என்பதால் கூடாரத்தை மேட்டில் போடாமல் மரமறைவான இடத்தில் போட்டு, கயிறுகளை எல்லாம் இழுத்துக் கட்ட வேண்டும்.

எனவே முதல் தடவை போகும் குழுவுக்கு என் தெரிவு இலுக்கும்புர. அதற்கு அடுத்த வருடம் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ ஹோட்டன். மீமுரே அதற்கும் பிறகு.

சிங்கராஜாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988இல் உலக மரபுரிமையான மழைக்காடு, கொழும்பிலிருந்து கலவான, வெத்தாகல வழியாகக் குடாவவுக்குப் போனால் வாசல். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அது நல்லதே. பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக இரை தேடிப் போவதை அங்கே பார்க்கலாம். இலங்கையில் மட்டுமே உள்ள நீல மாக்பை அந்தக் கூட்டத்தில் வந்தால் பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள். ஆனால் எந்த மாதத்திலும் மழை பெய்யக்கூடிய காட்டில் சின்னப் பிள்ளைகளோடு கூடாரம் என்பது ஈரத் துணியோடு மல்லுக்கட்டுவதாகிவிடும். கூரையுள்ள தங்குமிடத்தில் ஒரு இரவு, பகலில் நடை என்று வைத்துக்கொண்டால் சிங்கராஜா நல்லது. முதுகில் பை சுமந்து வெளியில் தூங்குகிற பயணம் வேண்டுமென்றால் சிங்கராஜா அதற்குப் பொருந்தாது.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சுவையான விஷயம் உண்டு. மூக்கில் கொம்பு வைத்த ஓணான்களில் செரட்டோபோரா என்ற பேரினம் இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் வாழ்வதற்குக் கூரான கொம்பு. நக்கிள்ஸில் இருப்பதற்கு இலை போலத் தட்டையான கொம்பு, அது நக்கிள்ஸை விட்டு வேறெங்கும் கிடையாது. சிங்கராஜாவில் இன்னொரு வகை. எந்தக் காட்டுக்குப் போனாலும் அந்தக் காட்டின் ஓணானைத் தேடச் சொல்லுங்கள். மெதுவாக, சத்தமில்லாமல் நடக்க அவர்களே பழகிக்கொள்வார்கள். கண்டால் பார்ப்பது மட்டும், தொடக் கூடாது.

குழுவில் யாராவது சிவனொளிபாத மலையைச் சொல்லலாம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் வெளிச்சமும் கடையும் கூட்டமுமாக இருக்கும்; அது யாத்திரை, காட்டில் தங்கும் அனுபவம் அங்கே கிடைக்காது. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையும் இருக்கிறது. 22 பகுதிகளாகப் பிரித்திருப்பதால் ஒன்றை மட்டும் நடக்கலாம். கூடாரத்துக்கு இன்னும் மனம் வராத அம்மாமார் இருக்கிற குழுவுக்கு அதில் ஒரு பகுதி நல்ல ஒத்திகை.

எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் புது விஷயமில்லை. உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்து போகும் குடும்பங்கள் வருடாவருடம் இருக்கின்றன. கிழவிகளும் பிள்ளைகளும் மூட்டையோடு கும்புக்கன் ஆற்றைக் கடந்து போகிறார்கள். அதை உல்லாசப் பயணத்தோடு சேர்த்துப் பார்ப்பது சரியில்லை, அது விரதம். ஆனால் அப்படி நடந்தவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் கிளம்புவதற்கு முன் அவரிடம் போய்க் கேளுங்கள். எவ்வளவு குறைவாகக் கொண்டுபோனால் போதும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

சுமையைப் பற்றி நான் கறாராக இருப்பேன். பிள்ளையின் பை அதன் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 22 கிலோ இருக்கிற பிள்ளைக்கு இரண்டு கிலோவும் கொஞ்சமும். தண்ணீர்ப் போத்தல், மழைக்கோட், ஒரு சுவெட்டர், டோர்ச், விசில், இவ்வளவுதான் அதில் அடங்கும். கிளம்புவதற்கு முந்தின கிழமை அந்தப் பையை நிரப்பி முதுகில் மாட்டி, காலிமுகத் திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரை ஓரமாகவோ ஒரு மணித்தியாலம் நடக்க வையுங்கள். எந்தப் பிள்ளைக்குச் சப்பாத்து கடிக்கும், எந்த அப்பாவுக்கு முதுகு பிடிக்கும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கூடாரத்தை வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்குள் ஒருமுறை விரித்து, கம்புகளையும் ஆணிகளையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தால் பாரம் கூடும். முதல் நாள் மத்தியானத்துக்குப் புளிச்சாதம், இரவுக்குச் சோறும் பருப்பும் சோயாமீற்றும், காலையில் சமபோஷ சத்துமாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்த உருண்டை என்று ஒருவரே திட்டம் போட வேண்டும். தேங்காய்ச் சம்பல் பழுதாகிவிடும், கட்டைச் சம்பல் நிற்கும். வழிக்கு எள்ளுருண்டையும் பொரிவிளாங்காயும் போல ஒன்றும் வராது. சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்புத்தான். காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது, ஹோட்டன் புல்வெளியில் ஒரு பொறியே போதும்.

அட்டைக்குப் பயந்தே பல அம்மாமார் வரமாட்டோம் என்பார்கள். ஈரமான காட்டில் அட்டை இருக்கத்தான் செய்யும். அட்டைச் சொக்ஸைக் காற்சட்டைக்கு மேலால் முழங்கால் வரை இழுத்துக் கட்டி, விளிம்பில் சவர்க்காரத்தையோ சித்தாலேப தைலத்தையோ பூசிவிட்டால் பெரும்பாலானவை ஏறாது. ஏறினாலும் நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டால் போதும், கழுவினால் சரி. உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. ஒன்று ஆறு: மேலே மலையில் மழை பெய்தால் நம் தலைக்கு மேல் வெயில் இருக்கும்போதே தண்ணீர் ஏறும், எனவே தண்ணீர் கலங்கலாகத் தொடங்கிய உடனே பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும். மற்றது இருட்டில் செருப்போடு நடப்பது. கூனல் மூக்குள்ள சின்ன விரியன் சருகுக்குள் கிடக்கும். அதன் கடிக்கு இங்கே பாவனையில் இருக்கும் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. இருட்டிய பிறகு டோர்ச்சும் மூடிய சப்பாத்தும் இல்லாமல் ஒருவரும் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது, மலசலகூடத்துக்கும்தான்.

சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம் 1990, அது இலவசம். எல்லாப் பெரியவர்களின் போனிலும், ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு கடதாசியில் அது இருக்கட்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டதற்குப் பிறகு, பழைய பயண அனுபவங்களை வைத்து வழியைத் தீர்மானிக்க முடியாது. எந்தத் தெரு திறந்திருக்கிறது, ரயில் எதுவரை போகிறது, எந்த நடைபாதை மூடியிருக்கிறது என்பதைப் பதிவு செய்யும்போதும் கிளம்பும் கிழமையிலும் இரண்டு தடவை கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. நீங்கள் போகும் பிரிவுக்கோ கடந்து போகும் பிரிவுக்கோ மஞ்சள் வந்திருந்தால்கூடப் பிள்ளைகளோடு போகவேண்டாம். வான்காரரிடமும் திணைக்களத்திடமும் திகதி மாற்ற முடியுமா என்று பணம் கட்டும்போதே கேட்டு வைத்துக்கொண்டால், முந்தின நாள் இரவு "நிற்பாட்டுவோம்" என்று குழுவில் எழுத யாருக்கும் தயக்கம் வராது.